ரேடார் பார்க்காத வட்டம்

போன வருடம் ஐப்பசியில், காரைக்காலில் எங்கள் வீட்டுக்குக் கூரைத் தளம் போட வேண்டிய அன்று நடந்தது இது. மழைக்கு முன்பே முடிக்க நினைத்த வேலை தள்ளித் தள்ளி அதுவரை வந்துவிட்டது. அப்பா கடலுக்குப் போய்ச் சேர்த்ததெல்லாம் கம்பியும் சிமெண்டுமாக நின்றது. கலவையை ஊற்ற ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. இறுகுவதற்குள் பெருமழை அடித்தால் சிமெண்டுப் பால் கரைந்து ஓடிவிடும்.

பொறியியல் படித்தவள் என்பதால் வானிலை ரேடார் படம் பார்ப்பது என் பொறுப்பு. மேகம் எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது, மழை வலுத்து மஞ்சள் சிவப்பாக ஏறுகிறதா என்று வரிசையாகப் பார்த்தேன். சுற்றிலும் மஞ்சளும் சிவப்பும். நடுவில், சரியாக எங்கள் ஊரின் மேல், சின்னதாக ஒரு வெற்று வட்டம்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “அட, நமக்கு மட்டும் ஓட்டை விட்டுருக்கு பாருங்க! கலவை மிஷினைப் போடச் சொல்லிடவா தங்கச்சி?”

“கடல்னா நான் சொல்லுவேன். இது உன் படம், நீ சொல்லு பாப்பா,” என்றார் அப்பா.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஏதோ உறுத்தியது. முந்தைய படங்களை ஓட்டிப் பார்த்தேன். நிறங்கள் எல்லாம் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தன. வட்டம் மட்டும் அசையவே இல்லை. நிமிர்ந்தால், வீடுகளுக்கு மேலே, அந்தப் படத்தை அனுப்பும் எங்கள் ஊர் ரேடாரின் வெள்ளைப் பந்து தெரிந்தது. அது அலைகளைச் சாய்வாகத்தான் அனுப்பும். தன் தலைக்கு நேர் மேலே அதனால் பார்க்க முடியாது. அதன் பக்கத்தில் இருக்கும் எங்கள் தலைக்கு மேலேயும்தான்.

“கொஞ்சம் பொறுங்கப்பா,” என்றேன்.

அந்த நேரம் பார்த்து வெயில் அடித்தது.

“இம்புட்டு நேரம் நல்லாருந்த படம் இப்ப பொல்லாததாயிட்டா?” என்றார் மேஸ்திரி. ஆட்கள் சிரித்தார்கள். நல்ல நேரம் போகிறதே என்று அம்மா முணுமுணுத்தார். உட்காரவும் முடியாமல் வாசலுக்கும் சாரத்துக்குமாக நடந்தேன். மழை வர வேண்டும் என்று வேண்டினேனா, வரக்கூடாது என்றா, எனக்கே தெரியவில்லை.

திடீரென்று வெளிச்சம் மங்கியது. காற்றே இல்லாமல், நேர்குத்தாகக் கொட்டியது. ஆட்கள் தார்ப்பாயோடு சிமெண்டு மூட்டைகளை நோக்கி ஓடினார்கள்.

“ஓட்டைக்குள்ளேர்ந்தே ஊத்துதே!” என்று கத்தினார் மேஸ்திரி. அப்பா, கலவை ஊற்றாத வெறும் பலகையில் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு தெளிந்த நாளில் தளம் போட்டோம். இன்றும் அதன் கீழே உட்கார்ந்து ரேடார் படத்தைத் திறக்கிறேன். எங்கள் வீட்டின் மேல் ஒன்றுமில்லை என்று அது காட்டினால், எழுந்து வாசலுக்குப் போய் ஒருமுறை அண்ணாந்து பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.