பிரேக்கம்மாவும் டீச்சரும்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய வண்டியில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் உட்காரும் அவள் காலடியில் இன்னொன்று. ஊரில் பாதிப்பேருக்கு அவள்தான் டீச்சர். நான் மட்டும் விதிவிலக்கு. இரண்டாம் பாடத்திலேயே, "நாம சேர்ந்து குடும்பம் நடத்தணும்னா நீங்க பஸ்லயே போங்க" என்று கைகழுவிவிட்டாள்.

அவளிடம் பழக வந்தவர்களில் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவும் உண்டு. விடியற்காலை வேலைக்குப் பஸ் கிடையாது என்பதால், ஐம்பது வயதுக்கு மேல் கார் பழக வந்தார். புறா நடந்தாலும் பிரேக், காகிதம் பறந்தாலும் பிரேக். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. "எதுக்கெடுத்தாலும் மிதிக்காதீங்க, தைரியமா போங்க" என்று என் மனைவி தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள்.

ஒருநாள் அந்தத் தைரியம் வந்தே விட்டது, வரக்கூடாத இடத்தில். சாலையோரம் போலீஸ்காரர் கை காட்டினார். சும்மா ஆவணம் பார்க்கத்தான். பிரேக்கம்மா நேரே பார்த்தபடி தாண்டிப் போய்விட்டார். என் மனைவியின் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. அடுத்த திருப்பத்தில் அந்தம்மா தானாகவே சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரங்கட்டி நிறுத்தினார். இத்தனை மாதத்தில் அவ்வளவு அழகாக நிறுத்தியதே இல்லையாம். பாராட்ட இவள் வாயெடுப்பதற்குள் பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"கை காட்டினது தெரியலையா? நிக்காம போனா தப்பிச்சு ஓடறதாத்தான் அர்த்தம்."

ஆவணமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நிற்காமல் போனது தனிக் குற்றமாம். பழகுபவர் ஓட்டினாலும், பக்கத்தில் பிரேக்கோடு இருப்பவர்தான் பொறுப்பாம். கோர்ட்டுக்கு வரச்சொல்லிவிட்டார்கள். கற்றுக்கொடுக்கும் உரிமமே பறிபோகலாம் என்றதும் அவளை ஒரு வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். "உங்க பேச்சைக் கேக்காம அவங்க ஆக்சிலரேட்டரை மிதிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க. நீங்க தப்பிச்சிடலாம்."

"அவங்களுக்கு என்ன ஆகும்?"

"பழகுநர் உரிமம் ரத்தாயிடும். கேஸும் அவங்க மேல போகும்."

"அப்போ வேணாம் சார்."

வாசலுக்கு வந்ததும் நான் எகிறினேன். "உனக்கென்ன பைத்தியமா?"

"உரிமம் போனா மறுபடி வாங்கிக்கலாங்க. அந்தம்மாவுக்குப் போன பயம் திரும்பி வந்துட்டா, இனிமே அதைப் போக்க என்னால ஆகாது" என்றாள். இவளைக் கட்டிக்கொண்டு என்னதான் செய்வது!

நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "பிரேக் உங்க காலடியிலதானே இருந்தது? ஏன் அழுத்தல?"

"முன்னாடி ஆள் இருந்திருந்தா அழுத்தியிருப்பேன்மா. அவங்களே நிறுத்துவாங்கன்னு தோணிச்சு. நிறுத்தினாங்க."

"போலீஸ் சொல்ற இடத்துல நிறுத்தணும். உங்களுக்குத் தோணற இடத்துல இல்ல. இன்னொரு தடவை இப்படி நடந்தா?"

"கட்டாயம் அழுத்திடுவேன்மா. ஆனா இவங்களுக்கு இனிமே அது தேவைப்படாது."

பின் பெஞ்சில் பிரேக்கம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அபராதம் போட்டார்கள், கற்றுக்கொடுக்கும் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்த மூன்று மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாடம் நடத்த ஆளில்லாமல், நான் மாடிப்படி இறங்கினால்கூட "பாத்து, மெதுவா, வலதுபக்கம் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவாள்.

பிரேக்கம்மா வேறொரு பள்ளிக்குப் போய்ப் பழகி, தேர்வில் தேறினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாங்கிய பழைய காரோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். என் மனைவி பழக்கதோஷத்தில் முன்கதவைத் திறக்கப் போனாள்.

"டீச்சர், இன்னிக்கு நீங்க சார்கூடப் பின்னாடி உக்காருங்க."

வண்டி கிளம்பியது. என் மனைவி எந்த வண்டியிலும் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில்கூட டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வருவாள். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள்.