இரண்டு நிறத் தண்ணீர்

அம்மா வாழ்நாளில் ஒரே ஒரு கவிதைதான் எழுதினாள். இரண்டு நிறத்தில் வரும் தண்ணீர் சந்தித்த பிறகும் உடனே கலக்காமல், கொஞ்ச தூரம் பக்கம் பக்கமாகவே போவதைப் பற்றிய கவிதை. அவள் படித்த கல்லூரியின் ஆண்டு மலரில் வந்திருந்தது. நான் ஆறாவது படிக்கும்போது, பள்ளிக் கண்காட்சியில் வைக்க அதை எடுத்துக்கொண்டு போனேன். கவிதையில் வரும் இடத்தின் படத்தையும் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

"மழை வரட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அம்மா. கண்காட்சியோ அடுத்த வாரம். நான் விடுவேனா?

குரோம்பேட்டைத் துணிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவளுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் லீவு. அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். ஆற்றுக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் கட்டுச்சோறு இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். காலையிலேயே எழுந்து புளிச்சோறு கிளறினாள். இரும்புலியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, திருநீர்மலைப் பக்கம் இறங்கி, வெயிலில் வெகுதூரம் நடந்தோம். அவளுக்கு ஏற்கெனவே கால் வீங்கியிருந்தது.

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேரும் இடம் அது. கால்வாய் காய்ந்து கிடந்தது. ஆற்றில் ஆகாயத்தாமரையும் கிழிந்த மெத்தை ஒன்றும் கிடந்தன. நாற்றம் குடலைப் பிடுங்கியது. எருமை ஓட்டி வந்த ஒருவர் நின்று எங்களைப் பார்த்தார்.

"இன்னாமா தேடுற? இங்க சாக்கடதான் கீது."

எனக்கு அவமானமாக இருந்தது. "நீ பொய் எழுதியிருக்கே" என்றேன் அம்மாவிடம்.

"மழையில வந்தா தெரியும்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கு மேல் வாதாட அவளுக்குத் தெம்பில்லை. புளிச்சோற்றைப் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே சாப்பிட்டோம்.

மறுநாள் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் ஒரு படம் தேடி எடுத்தேன். பச்சை மலைகளுக்கு நடுவே இரண்டு நீல ஆறுகள். எந்த நாடோ தெரியாது. கவிதைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் பரிசு கிடைத்தது.

கடையில் பர்மிஷன் சொல்லிவிட்டு அம்மா வந்திருந்தாள். தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, "ரொம்ப அழகா இருக்கே மேடம், இது எங்க?" என்று கேட்டார். அம்மா படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பக்கத்துலதான் சார். மழைக்காலத்துல போய்ப் பாருங்க."

என்னைக் காப்பாற்ற எவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிறாள் என்று பெருமைப்பட்டேன்.

போன மழைக்காலத்தில் ஆபீஸ் விட்டு வரும்போது பஸ் அந்தப் பக்கத்துப் பாலத்தில் மாட்டிக்கொண்டது. எல்லோரையும் போல அலுத்துப்போய் ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். கால்வாயிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு தண்ணீர், ஆற்றில் கறுப்பாக ஒரு தண்ணீர். சந்தித்த பிறகும் கலக்காமல், பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வரி விடாமல் அம்மா எழுதியபடியே.

போன் செய்தேன். "அம்மா, ரெண்டு கலர்ல போகுதும்மா."

"பாத்துட்டியா" என்றாள். பிறகு, "சரி, நனையாம வீடு வந்து சேரு" என்றாள்.

கண்காட்சியில் அம்மா சொன்னது நிஜம். அதற்குப் பக்கத்திலேயே, நாலு மூலையிலும் பசை தடவிப் பொய்யை ஒட்டி வைத்தது நான்தான்.