விற்காமல் அனுப்பிய ராடு பாக்கெட்

"...அதான் கேக்கேன், அந்த ஈர ராடை வச்சே அன்னைக்குப் போட்டிருந்தா பிடிச்சிருக்குமாக்கா?" என்று அவர் கேட்டு முடித்தபோது, நான் மேசை மேல் சிந்திக் கிடந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும். அதனால்தான் நிமிரவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் இரும்புச் சாமான் கடையில் நான் உட்கார ஆரம்பித்து இருபது வருஷம் இருக்கும். வெல்டிங் ராடைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. வாங்க வருகிறவர்கள் பேச்சுத்தான் பள்ளிக்கூடம். ஜன்னலுக்கும் ஆட்டுக்கொட்டகைக் கதவுக்கும் மெல்லிசான பன்னிரண்டாம் நம்பர் போதும், டிராக்டர் கொக்கிக்குத் தடித்த ராடுதான் வேண்டும் என்பதெல்லாம் அப்படிப் படித்ததுதான். சிவகிரியிலிருந்து வரும் வெல்டர் அண்ணாச்சி ஒருவர், "ராடு எரியும்போது அப்பளம் பொரியுத சத்தம் வரணும் தாயி. கடுகு வெடிக்குத சத்தம் வந்தா மருந்து ஈரமா இருக்குன்னு அர்த்தம்" என்பார். மருந்து என்றால் கம்பியின் மேல் இருக்கும் பூச்சு. அவர் சொன்னதை அடுத்து வருகிற ஆளிடம் என் சொந்தச் சரக்கு போல எடுத்துவிடுவேன். என் வாய் அப்படி.

ஈர ராடைப் பற்றிக் கேட்டவரை நான் மேலநீலிதநல்லூர்த் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். விவசாயி. பழைய வெல்டிங் மிஷின் ஒன்றை வாங்கிப்போட்டு, வீட்டு வேலை, காட்டு வேலை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வார். அவர் காட்டுக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும். "கம்பி மூடி ஒண்ணு போட்டுரணும்க்கா, சின்னவ ஓடிக்கிட்டே திரியுதா" என்று ஆடியில் ஒரு பாக்கெட் ராடு வாங்கிப் போனார். விதைப்பு வந்தது, வேலை தள்ளிப்போனது. பாக்கெட் மோட்டார் ரூமிலேயே கிடந்தது.

ஐப்பசி மழையில் நனைந்துபோன பாக்கெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கூடவே அந்தச் சின்னவள், இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். மருந்து வெளுத்து ஊறியிருந்தது. நான் அலமாரியிலிருந்து காய்ந்த ராடு இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினேன், கணீரென்றது. நனைந்ததைத் தட்டினால் மொத்தென்றது. பிள்ளை பிடுங்கிக்கொண்டு மாறி மாறித் தட்டினாள். "அத்தை, இது பேசுது, இது பேச மாட்டேங்கு" என்றாள். "ஏட்டி, அது உன்னை மாதிரி வாயாடி, இது உங்கப்பன் மாதிரி ஊமை" என்றேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, "அப்ப வேற பாக்கெட் குடுங்கக்கா" என்றார்.

மேல்தட்டில் நான்கு பாக்கெட் காய்ந்தபடி இருந்தது. பிரியப்பட்ட ஆளுக்கு வீண் செலவு வைக்கக் கூடாது என்று நினைத்தேன். "ஏன் காசைக் கரியாக்குத? மழை விடட்டும், நாலு நாள் வெயில்ல போட்டா இதுவே ஆகும். ஈரத்தோட மட்டும் வச்சிராத, ஒட்டு ஓட்டை ஓட்டையா விழும், பிடிக்காது" என்றேன். "நீங்க சொன்னா சரிதாங்க்கா" என்று போய்விட்டார். பேசுகிற ராடு ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பினேன்.

மழை விடவில்லை. ஒன்பதாம் நாள், ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடியவள் நிறைந்து கிடந்த கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். துஷ்டி கேட்கப் போன இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நான் சொன்னது டிராக்டர் கொக்கிக்குச் சரி. டன் கணக்கில் இழுக்கிற இடத்தில் ஈர ராடு வைத்த ஒட்டு விட்டுப்போய் ஆளைக் கொன்றுவிடும். இரண்டாம் வகுப்புப் பிள்ளையைத் தாங்குகிற மூடிக்கு அரைகுறையாகப் பிடித்தாலே போதும். அந்த வித்தியாசம் தெரிந்திருந்தும் யோசிக்காமல் நாக்கில் வந்ததைச் சொன்னேன். இப்போதெல்லாம் போனில் வீடியோ பார்த்துவிட்டு, நம்பரைச் சொல்லியே ராடு கேட்கிறார்கள். எதற்கு என்று கேட்பேன். கிணறு என்று சொன்னால், வாயைத் திறக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் அவர் வந்து அப்படிக் கேட்டார். "பிடிச்சிருக்காது தம்பி" என்றேன். ராடு விஷயத்தில் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய். அவருக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா, இன்றைக்கும் தெரியவில்லை.

"பிடிக்குதுக்கா" என்றார். குரலில் கோபமே இல்லை. "நேத்து காரியம் முடிஞ்ச கையோட அதே ராடை வச்சுத்தான் மூடி போட்டேன். வெடிச்சுது, ஓட்டை விழுந்துது. நடுவுல ஏறி நின்னு குதிச்சுப் பாத்தேன். அசையல."

கையிலிருந்த ஆணிகள் தரையில் கொட்டின. "மேல்தட்டுல நாலு பாக்கெட் இருந்துச்சு தம்பி, நாந்தான் குடுக்கல" என்றேன். அவர் நிமிர்ந்து மேல்தட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்தார். மூலையில் இருந்த பானையைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்து, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.