மாலை போடாத படம்

போன மாதம் காரைக்குடி போனேன். பிள்ளையார்பட்டிக்கா என்று கேட்காதீர்கள், அது திரும்பும் வழியில். 'பனிமலை' வள்ளியப்பனைத் தெரியாத மலையேறிகள் நம்மில் கிடையாது. நாற்பது வருடங்களுக்கு முன் இமயத்தில் ஒரு பனியாற்றைக் கடக்கப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தவறி விழுந்தார், கூடப் போனவர் தள்ளிவிட்டார், சாமியாராகிவிட்டார் என்று ஆளுக்கொரு கதை. இந்தக் கோடையில் நான் அங்கே போனபோது, அவருக்குச் சுமை தூக்கிய ஒரு பெரியவர், அன்று நடந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். எல்லாவற்றையும் விவரித்துவிட்டு, வள்ளியப்பன் வீட்டில் சொல்லிவிடும்படி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரைக்குடி ஸ்டேஷனிலிருந்து வள்ளியப்பன் வீட்டுக்குப் புதுவயல் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். அரிசி ஆலை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் முக்கால் மணி நேரம் ஆனது.

"அவரு சாகல சார். ரிஷிகேசத்துல தாடியோட இருக்காரு. எங்க மச்சான் பார்த்துருக்கான்," என்றார் ஓட்டுநர்.

"பேசினாரா?"

"மச்சானுக்கு இந்தி வராது சார்."

"வள்ளியப்பன் காரைக்குடிக்காரர்தானே, தமிழிலேயே பேசியிருக்கலாமே?"

ஓட்டுநர் ஹாரன் அடிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

வள்ளியப்பனின் மனைவி மீனா ஆச்சி தட்டு நிறைய வெள்ளைப் பணியாரத்தோடு வரவேற்றார். கூடத்தில் கணவரின் படம், மாலை இல்லாமல். ஆச்சியின் நெற்றியில் பெரிய குங்குமம். நான் கொண்டுவந்த செய்தி அதை அழித்துவிடும் என்று வரும்வரை யோசிக்கவே இல்லை. பணியாரத்தைத் தின்றுகொண்டே இருந்தேன்.

"மலைக்குப் போயிட்டு வந்துருக்கீக. மூஞ்சியே சொல்லுது," என்று சிரித்தார் ஆச்சி. "என்ன கேள்விப்பட்டீகளோ, அது ஒங்களோட இருக்கட்டும். தம்பி, மாலை போட்டுட்டா அப்புறம் அந்த மனுசரை ஏச முடியாது. நாப்பது வருசமா தினம் ஏசுறேன். அதை விடச் சொல்றீகளா?"

நான் தட்டிலிருந்த கடைசிப் பணியாரத்தை எடுத்துக்கொண்டேன். அவர் இன்னும் இரண்டு பணியாரம் வைத்தார்.

நீங்கள் போவதானால் முகூர்த்த நாட்களைத் தவிருங்கள், ஆட்டோ கிடைக்காது. வெறும் வயிற்றோடு போங்கள், செய்தி எதுவும் கொண்டுபோகாதீர்கள். பெரியவர் சொன்னதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது, உள்ளே ஆச்சி படத்தோடு பேசுவது கேட்டது.

"ஊருலகத்துல உள்ளவுக எல்லாம் வழி கேட்டு வந்து பணியாரம் தின்னுட்டுப் போறாக. உங்களுக்கு மட்டும் வீட்டுக்கு வழி தெரியலையாக்கும்!"