அவள் சிரித்த கடை

கணபதி பகுதியில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. என் மனைவி ஸ்டெல்லா வருடக்கணக்காக அங்குதான் போவாள். கடைக்காரர் பழனிசாமி மனைவியை இழந்தவர். "வாங்க அம்மணி" என்பார். ஏதோ பேசி இருவரும் சிரிப்பார்கள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, எழுபது வயதுக்கு மேல் பொறாமை வந்தது.

"இனி மெயின் ரோட்டுப் பெரிய கடைக்குப் போ. அங்கதான் சரக்கு புதுசா இருக்கு" என்றேன்.

"அவ்வளவு தூரம் வெயில்ல நடக்கோணுமுங்க."

நான் விடவில்லை.

ஒரு மத்தியானம், சர்க்கரை மாத்திரை போட்டவள் சரியாகச் சாப்பிடாமல் அந்தப் பெரிய கடைக்குப் போய், திரும்பும்போது தெருமுனையில் தள்ளாடியிருக்கிறாள். பழனிசாமிதான் ஓடிவந்து தாங்கி, ஸ்டூலில் உட்கார வைத்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, எனக்கும் போன் செய்தார். பதறி ஓடினேன். ஸ்டெல்லா கண் திறந்திருந்தாள்.

"ஏனுங்க சார், எங்க கடை ரவை பிடிக்கலீங்களா?" என்றார் அவர், அவள் பக்கத்தில் கிடந்த பெரிய கடைப் பையைப் பார்த்து. "உப்புமா குழைஞ்சா நீங்க தட்டத் தள்ளிப்போட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்கன்னு அம்மணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களே!"

அத்தனை நாளும் அவர்கள் சிரித்தது என்னைப் பற்றித்தான்.

இப்போது அந்தக் கடைக்கே இருவரும் சேர்ந்து போகிறோம். பையை நான் தூக்குகிறேன். அவர்கள் சிரித்தால் நெஞ்சில் இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. உடனே, "இன்னைக்கு என்னைப் பத்தி என்னங்க?" என்று கேட்டு நானும் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.