சமையலறைத் தரையின் சரிவு

சின்னவள் விமானம் ஏறிய அன்று அவளுடைய கோல்ஃப் பையை மாடியிலிருந்து இறக்கியவள் பெரியவள்தான். அந்த வீட்டில் அப்படி இரண்டு பைகள் இருந்தன. ஒன்று வாசலில் நின்ற டாக்ஸிக்குப் போனது. பெரியவளுடையது முந்தின நாளே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"அக்கா, பாத்து. செவுத்துல இடிக்காதே."

"இடிச்சா என்ன, உன் அதிர்ஷ்டம் உதிர்ந்துடுமா?"

"கெளம்புற நேரத்துல வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடி" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னதால் அதட்டலில் காரமில்லை.

சின்னவள் கட்டிப்பிடித்தபோது பெரியவள் கையைத் தொங்கவிட்டபடி நின்றாள். இருவரும் தேர்வுப் போட்டியில் சேர்ந்துதான் ஆடினார்கள். வெளிநாடு போய் ஆட ஒரே ஒரு இடம்தான். கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குட்டை. சின்னவள் பந்தைத் தட்டித் தட்டிக் கரையோரமாகக் கொண்டுபோனாள். பெரியவள் தண்ணீரைத் தாண்டி ஒரே வீச்சில் அனுப்பப் பார்த்தாள். பந்து குட்டைக்குள் விழுந்த சத்தம் தவளை குதித்ததைப் போல அற்பமாக இருந்தது. ஓங்கி அடிப்பதில் அக்காவுக்கு நிகர் யாருமில்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்லி என்ன, டாக்ஸி ஏறியது தங்கை.

பெரியவள் அதே மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். குழியைச் சுற்றிக் கம்பளம் மாதிரி வெட்டிய புல்லுக்கு கிரீன் என்று பெயர். குழி ஒரே இடத்தில் இருந்தால் காலடி பட்டுப் பட்டு அங்கே புல் செத்துவிடும். அதனால் தினமும் விடியற்காலையில் பழைய குழியை அடைத்து, வேறு இடத்தில் புதிதாக வெட்ட வேண்டும். சின்னவள் ஊர் ஊராகப் போய்க் குழிகளில் பந்தைப் போட்டாள். பெரியவள் குழிகளைத் தோண்டினாள்.

தொலைக்காட்சியில் ஆட்டம் வரும்போதெல்லாம் அம்மா பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்வாள். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். பெரியவள் தங்கையின் இடக்கையைப் பார்ப்பாள். கையுறைக்குள்ளேயே இருந்து இருந்து அந்தக் கை மட்டும் வெளுத்துப் போயிருந்தது. பெரியவளின் இரண்டு கைகளும் ஒரே கறுப்பு, நகத்துக்குள் புல்சாறு.

கடைத்தெருவில் அவளுக்குப் பெயரே மாறிவிட்டது. "கோல்ஃப்காரியோட அக்கா வந்திருக்காங்க, சீக்கிரம் போடு" என்பான் காய்கறிக்காரன். போனில் சின்னவள், "ஓட்டல் சாப்பாடு சலிச்சுப்போச்சுக்கா" என்பாள்.

"சலிச்சுப்போறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்டி."

சின்னவள் அதைக் கேட்டுச் சிரிப்பாள். பெரியவள் சிரிப்புக்காக அதைச் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழித்து, பெரிய போட்டி ஒன்று இந்த மைதானத்துக்கே வந்தது. சின்னவளும் வந்தாள். இறுதி நாளுக்கு முந்தைய மாலையில் அவள்தான் முன்னணி. அன்றிரவு அம்மா அரிசி களைந்துகொண்டே பாட்டு முணுமுணுத்தாள். பெரியவளுக்கு அந்த முணுமுணுப்பு காதுக்குள் எறும்பு போனதைப் போல இருந்தது.

மறுநாள் விடியலில், கடைசி கிரீனில் போட்டி அதிகாரி குழிக்காகப் பெயிண்டால் வைத்திருந்த புள்ளியில் புல் பிய்ந்து கிடந்தது. சூப்பர்வைசர் அதிகாரியிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

"கொஞ்சம் தள்ளி வெட்டிக்கலாமாம். உனக்குத் தெரியாததா, நீயே இடம் பாத்துடும்மா."

பெரியவளுக்குத் தெரியும். பார்வைக்குத் தட்டையான ஓர் இடம் அங்கே உண்டு. பனித்தண்ணீர் மட்டும் அதில் இடப்பக்கமாக வழியும். அவர்கள் வீட்டுச் சமையலறைத் தரையும் அப்படித்தான். சிறுவயதில் அங்கே டம்ளரைப் படுக்கவைத்துப் பந்தை உருட்டுவார்கள். தோற்றவள் பாத்திரம் கழுவ வேண்டும். தரை கண்ணை ஏமாற்றும். சின்னவள் ஒவ்வொரு முறையும் நேராகவே உருட்டுவாள், பந்து இடப்பக்கம் நழுவும், அவள் அழுதுகொண்டே பாத்திரம் தேய்ப்பாள். அந்தத் தரையில் அக்கா தோற்றதே இல்லை.

எல்லோருக்கும் ஒரே குழிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெரியவள் குழிவெட்டியை அந்த இடத்தில் ஊன்றினாள். விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

மாலையில் சின்னவளுக்கு ஒரே ஒரு அடி பாக்கி. குழந்தைகூடப் போட்டுவிடும் தூரம். விழுந்தால் கோப்பை. அவள் குனிந்து பார்த்தாள், சுற்றி வந்து பார்த்தாள், ஒரு கணம் தலையைத் தூக்கிக் கூட்டத்தில் யாரையோ தேடினாள். பிறகு நேராக அடித்தாள்.

பந்து இடப்பக்கம் நழுவி, சரிவில் தூரமாக ஓடியது. பதற்றத்தில் திரும்ப அடித்ததும் தவறியது. கோப்பை வேறொருத்திக்குப் போனது.

கயிற்றுக்குப் பின்னால் நின்ற பெரியவள் தன் மனம் குளிரும் என்று காத்திருந்தாள். அதற்குள் கூட்டம் எழுந்து நின்று தோற்றவளுக்காகக் கைதட்டியது. பெண்கள் சிலர் அழுதார்கள். தான் தண்ணீரில் பந்தை விட்ட நாளில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது பெரியவளுக்கு நினைவு வந்தது. தோற்பதில்கூட இவள்தான் ஒசத்தி! வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

சின்னவள் வீட்டுக்கு வந்தாள், சாப்பிட்டாள். "பரவால்லம்மா, ஆட்டம்னா அப்படித்தான்" என்றாள். குழியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு டாக்ஸி ஏறினாள். அந்தத் தட்டைப் பெரியவள் கழுவினாள். கழுவிய பிறகும் குழாயை மூட மறந்து நின்றாள்.

அதன்பின் சின்னவள் அம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்தாள். மணிக்கட்டு கெட்டு அவள் ஆட்டத்தை விட்டதும், கடலோரத்தில் வீடு வாங்கியதும் பெரியவளுக்கு அம்மா வழியாகத்தான் தெரியும். அந்த வீட்டின் படத்தைப் பார்த்தபோதும், எத்தனை ஜன்னல்கள் என்றுதான் பெரியவளின் கண் எண்ணியது.

ஒருநாள் காலை, கிரீனில் மண்டியிட்டுப் பழைய குழியை அடைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அதிர்ந்தது. புறங்கையால் மண்ணைத் தட்டிவிட்டுத் திறந்தாள். தங்கை அனுப்பியிருந்தாள்:

"அக்கா, புது வீட்டு சமையக்கட்டுல டம்ளரை படுக்க வெச்சு ஆடிப் பாத்தேன். தரை நேரா இருக்கு, எல்லாப் பந்தும் விழுது, ஒரே போர். அன்னிக்கு அந்தக் குழிகிட்ட குனிஞ்சதுமே நீ வெட்டினதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் கை நேராத்தான் போச்சு, கழுதை. ரொம்ப நாள் உன்மேல கொலைவெறில இருந்தேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா தோத்துட்டு பாத்திரம் கழுவாம வந்தது நான்தான். அடுத்த வாரம் வர்றேன். தட்டெல்லாம் தொட்டியிலேயே கிடக்கட்டும்."