மூங்கிலில் உலர்ந்த கொக்குகள்

மார்கழி வந்தால் ஆரணியில் தறிச் சத்தம் தாமதமாகத்தான் கேட்கும். பனி ஈரத்தில் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டும். வெயில் ஏறுமுன் உட்கார்ந்தால் அறுந்த இழையை முடிந்தே பொழுது போய்விடும். அந்த வெட்டி நேரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேவூர்ப் பக்கத்து ஏரிக்குப் பறவை பார்க்கப் போவோம். எழுபதுகளில் எங்கள் தெருவில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து கோயிலுக்குப் போகலாம், சினிமாவுக்குப் போகலாம். வாத்து பார்க்கப் போனால் கேலிதான். "ஜோடியா எங்க, மேய்க்கவா?" என்பார்கள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பறவைகளின் சரியான பெயர் எங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதிக்கு அவர் சேலைக் கணக்கில் பேர் வைப்பார். மீன்கொத்தி, "அரக்கு ஒடம்பு, நீல முந்தி". நெற்றியில் வெள்ளை போட்ட நாமக்கோழி, "கறுப்புல வெள்ளை பார்டரு, எவளும் வாங்க மாட்டா". எனக்குச் சிரித்து மாளாது.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அவர் பேர் வைப்பதை நிறுத்திவிட்டார். நான் கையை நீட்டி, "அதோ முக்குளிப்பான்" என்றால் வேறெங்கோ பார்த்தபடி, "ஆமா, ஆமா" என்பார். கண்ணில் கோளாறு என்று புரிந்துவிட்டது. "வேலூர் போய்க் காட்டலாங்க" என்றால் எரிந்து விழுவார். எங்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி, கண்ணாடி போட்டவருக்கு நுணுக்கமான பார்டர் வேலை தர மாட்டார். வெறும் சேலைதான், கூலியும் குறைச்சல். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அப்படி ஆகியிருந்தது. அந்தப் பயத்திலேயே மூன்று குளிர்காலம் ஓடியது.

ஏரிக்கரையில் சாயக்காரர்கள் பட்டு உலர்த்தக் கட்டிய மூங்கில்கள் உண்டு. ஒரு நாள் பனி விலகாத நேரத்தில் அவர் திடீரென்று நடையை எட்டிப் போட்டார்.

"எவன்டா இவன், பனியில பட்டைக் காயப்போட்டுட்டுப் பூட்டிருக்கான்? வெள்ளைப் பட்டு மொத்தமும் பாழாப்பூடும்!"

எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூங்கிலில் வரிசையாகக் கொக்குகள்.

"ஏங்க, நில்லுங்க" என்றேன். ஈரத்தில் பட்டு கிடந்தால் எந்த நெசவாளிக்கும் கை சும்மா இருக்காது, யாருடையதாக இருந்தாலும். அள்ளிப் போடுவதற்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கிட்டப் போனார். பட்டு மொத்தமும் எழுந்து பறந்துபோனது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நீட்டிய கையை மடக்காமல் நின்றிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு என்னைவிட அதிகம்.

"வேலூருக்கு மொத பஸ் எப்போ?" என்றார் கடைசியில்.

வேலூரில் டாக்டர் பொடி எழுத்து அட்டையை இவர் கையில் கொடுத்தார். இவர் கடகடவென்று படித்து முடித்தார். சுவரிலிருந்த பெரிய எழுத்தில்தான் தடுமாறினார்.

"கிட்ட இருக்கறது உங்களுக்கு நல்லாவே தெரியுது. தூரத்துக்குத்தான் கண்ணாடி. தறியில உக்காரும்போது கழட்டி வெச்சிடுங்க" என்றார் டாக்டர்.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், பஸ்ஸில் வழிநெடுகப் பொருமல். "இதுக்கா இத்தினி நாளா பயந்துகினு இருந்தேன்? ஒரு வாத்தைக்கூட ஒழுங்காப் பாக்கலியே!"

அந்த வாரமே முதலாளி வந்துவிட்டார். கண்ணாடி தறிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஊடு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தை நிறுத்திவிட்டேன்.

"இன்னாபா இது, கண்ணாடியா? கண்ணு பூடுச்சா?"

இவர் இழையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நெய்யறதுக்கு இல்லீங்க. கொக்கு பாக்கறதுக்கு."

முதலாளி குனிந்து பார்டரை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து கிளம்பிப் போய்விட்டார். அடுத்து அவர் நெய்யக் கொடுத்தனுப்பிய பாவு நூலும் பார்டர் வேலைக்கே வந்தது.